பாகு இந்தத் தடவை சரியாக வரவில்லை

தட்டை உங்கள் முன்னால் வைப்பதற்குள்ளேயே தட்டில் இருப்பதைக் கைகழுவிவிடும் மனிதர்கள் சிலர் உண்டு. “ஏதோ பண்ணியிருக்கேன், வாயில வைக்க முடியுதான்னு பாருங்க” என்பார்கள். “அடுப்பு சரியா எரியல” என்பார்கள். “போன தடவ நல்லா வந்துச்சு, அப்ப நீங்க வரல” என்று உங்கள் தலையெழுத்தையும் சேர்த்துக் குறை சொல்வார்கள். இந்த இனத்துக்கு நம் மொழியில் இதுவரை பெயர் ஏற்படவில்லை. ‘நல்லா வரலைக்காரர்கள்’ என்று வைத்துக்கொள்வோம்.

இவர்களைத் தற்பெருமைக்காரர்களோடு சேர்த்துவிடக் கூடாது. தற்பெருமைக்காரர் பாவம், பரம சாது. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வார். நீங்கள் தலையை ஆட்டினால் போதும், கை வலிப்பது அவருக்குத்தான். நல்லா வரலைக்காரர் முதுகை உங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, “இதெல்லாம் ஒரு முதுகா” என்று பெருமூச்சு விடுவார். தட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. எங்கே தட்டுவது, எத்தனை தடவை தட்டுவது, எப்போது நிறுத்தலாம் என்பதற்கெல்லாம் எழுதாத சட்டம் இருக்கிறது. நிறைகுடம் தளும்பாது என்பார்கள். இவர்கள் குடத்தைத் தாங்களே ஆட்டிவிட்டு, “தளும்புதில்ல?” என்று கேட்பவர்கள். “ஒரு சொட்டுகூட இல்லை” என்று நீங்கள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால்? சொல்லாமல் போன ஒருத்தியின் கதைதான் இது.

பனஹாவ் மலையடிவாரத்தில் புரிங் அக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. புரிஃபிகாசியோன் என்று ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை அவரே மறந்து வெகுகாலம் ஆகிறது. அந்த வட்டாரத்தில் பிக்னாய்ப் பாகு என்றால் புரிங் அக்கா. புரிங் அக்கா என்றால் பிக்னாய்ப் பாகு.

மழைக்காலம் வந்தால் மலைச்சரிவில் தானாக முளைத்து நிற்கிற பிக்னாய் மரங்களில் பழம் மிளகுச் சரம் போலத் தொங்கும். ஒரே சரத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று எல்லா வயதும் கலந்திருக்கும், கூட்டுக் குடும்பத்துப் புகைப்படம் மாதிரி. கறுத்தது இனிக்கும் என்பது பேச்சுக்கு. அதுவும் பல்லைக் கூசவைக்கிற புளிப்புத்தான். அக்கா கறுத்ததில் நிறையவும் சிவந்ததில் கொஞ்சமும் உருவி எடுப்பார். சிவப்பு இல்லாவிட்டால் பாகுக்கு உயிர் இல்லை. கூடிப்போனால் குடிப்பவனுக்கு உயிர் இல்லை. எறும்புகளோடு சண்டை போட்டு, அலசி, கையாலேயே பிசைந்து, கொதிக்கவைத்து, மாவு மூட்டைத் துணியில் கட்டித் தொங்கவிடுவார். பிழியக் கூடாது, பிழிந்தால் கலங்கிவிடும். தானாகச் சொட்டுகிற சாற்றில் சர்க்கரையைப் போட்டு, கரண்டியின் முதுகில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கிற பதம் வரும்வரை அடுப்படியைவிட்டு நகர மாட்டார். அந்த மாதம் முழுவதும் அக்காவின் விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும். கோவிலில் நற்கருணை வாங்கக் கை நீட்டும்போது பாதிரியார் ஒரு விநாடி தயங்குவார்.

பச்சைக் குழந்தையைப் போல இப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்த பாகை ஐஸ் தண்ணீரில் கலந்து விருந்தாளி கையில் கொடுக்கும்போது அக்கா என்ன சொல்வார்?

“பொறுத்துக்கணும். இந்தத் தடவ சரியா வரல.”

விருந்தாளி ஒரு வாய் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்பார். இது முதல் தட்டு. கணக்கில் சேராது. “சும்மா சொல்லாதீங்க. மழை ஜாஸ்தி, பழத்துல தண்ணி ஏறிடுச்சு” என்று அக்கா அதைத் திருப்பி அனுப்பிவிடுவார். இரண்டாவது தட்டில் ஒரு காரணம் இருக்க வேண்டும்: நிறத்தைப் பற்றியோ, மணத்தைப் பற்றியோ, தொண்டையில் இறங்குகிற விதத்தைப் பற்றியோ. அதையும் அக்கா பலவீனமாக மறுப்பார். மூன்றாவதில் இன்னொருத்தியின் பாகு வந்தாக வேண்டும். “ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி பண்றாளே, அது பக்கத்துல வர முடியுமா இது?” என்று சொல்லிக் காலி டம்ளரை நீட்டிவிட்டால், அக்கா தலையைக் குனிந்துகொண்டு, “என்னமோ போங்க” என்பார். அவ்வளவுதான். போகும்போது உங்கள் கையில் ஒரு பாட்டில் இருக்கும்.

இந்தச் சட்டத்தில் கரைகண்டவள் அடுத்த வீட்டு சியோனிங். அவளுக்கு மூச்சு வாங்காமல் மூன்றும் வரும். புதிதாக வந்த ஒரு தபால்காரர் மட்டும் முதல் தட்டோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த மழைக்காலம்வரை அந்த வீட்டில் அவருக்குத் தண்ணீர்தான் கிடைத்தது, அதுவும் ஐஸ் இல்லாமல்.

அக்காவின் புருஷன் கஸ்தோர், தென்னந்தோப்புக்காரர், அதிகம் பேசாதவர். வருஷத்தின் முதல் டம்ளர் அவருக்குத்தான். வாங்கி, ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “இதவிட நல்லா வந்ததே இல்ல” என்பார். ஒவ்வொரு வருஷமும் அதே வாக்கியம். அதைக் கேட்ட பிறகுதான் அக்கா பாட்டில்களுக்கு மூடி போடுவார்.

இப்படிச் சீராக ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்கு மகன் ரோடெல் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஜெனலின் என்று பெயர். கலம்பாவில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். சொந்த ஊர் வடக்கே, இலோகோஸ். ரோடெல் வழியெல்லாம் அவளுக்கு என்னென்னவோ சொல்லிக் கூட்டிவந்தான்: செருப்பை எங்கே விடுவது, அப்பாவிடம் எந்தக் காதுப் பக்கம் பேசுவது, நாய் எதற்குக் குரைக்கும் என்றெல்லாம். பாகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதைப் போய் யாராவது சொல்லிக்கொடுப்பார்களா? மூச்சுவிடச் சொல்லிக்கொடுக்கிறோமா?

சாப்பாடு முடிந்தது. தேங்காய்ப்பாலில் வெந்த அரிசிப் பணியாரம் வந்தது. கூடவே ஐஸ் மிதக்கும் டம்ளர்களில் பாகு. சியோனிங்கும் வந்து உட்கார்ந்திருந்தாள். பெண் பார்க்கிற இடத்தில் அவள் இல்லாமல் இருக்க முடியாது.

“பொறுத்துக்கணும்மா” என்றார் புரிங் அக்கா. “இந்தத் தடவ சரியா வரல. கசக்குதோ என்னவோ.”

கசப்பு என்று அக்கா சொன்னது சும்மா. போன வருஷம் ‘தண்ணியா போச்சு’, அதற்கு முந்தின வருஷம் ‘அடிப்பிடிச்சிருக்கும்’. குறைகளைச் சுழற்சி முறையில் வைத்திருந்தார்.

ஜெனலின் ஒரு வாய் குடித்தாள். நிறுத்தி, நாக்கைப் புரட்டி யோசித்தாள். கேட்டவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமே என்கிற அக்கறை முகத்தில் தெரிந்தது.

“ஆமா அத்தை” என்றாள். “கசக்குது.”

சியோனிங்கின் கரண்டி பணியாரத்தில் குத்தியபடி நின்றது. ரோடெல் நாயைப் பார்த்தான். கஸ்தோர் தன் காலி டம்ளருக்குள் பார்த்தார். ஜெனலின் மட்டும் இயல்பாக மேலே பேசிக்கொண்டு போனாள். எங்கள் ஊரிலும் இந்தப் பழம் இருக்கிறது, எங்கள் பக்கம் கசப்பு இல்லாத சாப்பாடு சாப்பாடே இல்லை, பாகற்காய் இல்லாமல் என் அப்பா கை நனைக்க மாட்டார் என்றெல்லாம் சொன்னாள். யார் காதிலும் விழவில்லை. “இன்னும் ஒரு டம்ளர் குடுங்க அத்தை” என்று அவள் கேட்டது மட்டும் அக்காவின் காதில் விழுந்தது. கசக்கிறது என்று சொல்லிவிட்டு இன்னொரு டம்ளர் கேட்கிறாளே, எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று தோன்றியது.

“நான்தான் முதல்லயே சொன்னேனே” என்று சிரித்துக்கொண்டே ஊற்றினார். அந்தச் சிரிப்பைப் பார்த்த சியோனிங், பணியாரத்தை முடிக்காமலே வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிள்ளைகள் கிளம்பிப் போன பிறகு அக்கா ஒரு கரண்டி பாகை நாக்கில் விட்டுப் பார்த்தார். புளிப்பு இருந்தது. அதன் பின்னால் இனிப்பு. கடைசியில் கொஞ்சம் துவர்ப்பு. கசப்பு? தேடித் தேடிப் பார்த்தார். இல்லை. இன்னொரு கரண்டி. இல்லை. அப்படியானால் அந்தப் பெண் ஏன் சொன்னாள்? மாமியாரை ஆழம் பார்க்கிறாளா? அல்லது தன் நாக்குத்தான் வயதாகிச் செத்துவிட்டதா? இரண்டில் எது மோசம் என்று தெரியாமல் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை பாட்டிலும் கரண்டியுமாக சியோனிங் வீட்டு வாசலில் நின்றார்.

“இது கசக்குதா, பாத்துச் சொல்லு.”

“கசப்பா? யாரு சொன்னா? தேன்க்கா. போன வருஷத்துக்கு இது எவ்வளவோ மேல.”

“நெஜமா சொல்லு.”

“நெஜமாத்தான் சொல்றேன். அந்த நெறம் ஒண்ணு போதாதா? ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தி பண்றாளே…”

“சியோனிங், நீ இன்னும் வாயிலயே வைக்கல.”

சியோனிங் கரண்டியைப் பார்த்தாள். உண்மைதான். பாகு அப்படியே இருந்தது.

அக்காவுக்கு அந்த இடத்தில்தான் முதல் தடவையாக ஒன்று உறைத்தது. தபால்காரரைப் பட்டினி போட்டதிலிருந்து ஊர் முழுவதையும் அல்லவா பழக்கி வைத்திருக்கிறார்? ‘நல்லா வரல’ என்று அவர் சொன்னால் ‘நல்லாயிருக்கு’ என்று திருப்பிச் சொல்ல ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். அப்படியிருக்க, யாரிடம் போய் உண்மையைக் கேட்பது? கிளிக்குப் பேசச் சொல்லிக் கொடுத்துவிட்டு அதனிடம் யோசனை கேட்க முடியுமா?

நடந்துகொண்டே யோசித்தவருக்கு ஒரு வழி தோன்றியது. தான் மாற்றிச் சொன்னால் அவர்களும் மாற்றிச் சொல்வார்கள் அல்லவா? நேரே ஊர்த் தலைவர் மெலென்சியோ வீட்டுக்குப் போனார். கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவரை நிறுத்தி, டம்ளரைக் கையில் திணித்தார்.

“குடி தம்பி. இந்த மலையடிவாரத்துலயே இப்படி ஒரு பாகு யாரும் பண்ணினதில்ல. அவ்வளவு அருமையா வந்திருக்கு.”

மெலென்சியோ டம்ளரைப் பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். தீனிக் கூடையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“அக்கா, கொஞ்சம் உக்காருங்க.”

“எதுக்கு? குடிச்சுட்டு எப்படியிருக்குன்னு சொல்லு.”

“அது கெடக்கட்டும். தலை சுத்துதா? எடது கைய ஒரு தடவ தூக்கிக் காட்டுங்க.”

அடுத்த இரண்டு வீடுகளிலும் இதே கதைதான். ஒரு வீட்டில் விசிறினார்கள், ஒரு வீட்டில் நெற்றியில் தைலம் தடவினார்கள். பாகை யாரும் குடிக்கவில்லை. மாலைக்குள் புரிங் அக்காவுக்கு உடம்புக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இஞ்சி தட்டிப்போட்ட கோழிக் கஞ்சி மூன்று வீடுகளிலிருந்து தனித்தனியாக வந்தது. சியோனிங் கொல்லைப் பக்கம் வந்து, “அண்ணே, பிரஷர் பாத்தீங்களா? தன் வாயால நல்லாயிருக்குன்னு சொன்னாங்களாம்” என்று கஸ்தோரிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

கஸ்தோர் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். வெளியே மழை. அக்கா அடுப்படிப் பலகையில் உட்கார்ந்திருந்தார், முன்னால் ஒரு டம்ளர் பாகு.

“நீ சொல்லு” என்றார். “கசக்குதா?”

“இதவிட நல்லா வந்ததே…”

“கஸ்தோர். பாடம் ஒப்பிக்காத. கசக்குதா, இல்லையா?”

கஸ்தோர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பொய் சொல்லத் தெரியாதவர் அல்ல அவர். ஒரே பொய்யைச் சொல்லிப் பழகியவர். வேறு பொய் அவசரத்துக்கு அகப்படவில்லை.

“கசக்கும்.”

“இந்தத் தடவையா?”

“எப்பவுமே.”

“எப்பவுமேன்னா?”

“கல்யாணம் ஆனதுலருந்து. என் நாக்கு அப்படி. எங்கம்மாவுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நீங்கள்லாம் புளிப்புங்கறீங்க, இனிப்புங்கறீங்க. எங்களுக்கு அந்தப் பழம் வேப்பங்காய்தான். சில நாக்குக்கு அப்படி.”

“அப்ப ஒவ்வொரு வருஷமும் ஆசை ஆசையா ஒரே மடக்குல குடிச்சியே?”

“கசாயத்த வேற எப்படிக் குடிக்கறது?”

கஸ்தோரே மெல்லத் தொடர்ந்தார். “மொத தடவ குடுத்தப்ப, சரியா வரலைன்னு சொன்ன. ஒம் மொகத்தப் பாத்தேன். நல்லாயிருக்குன்னுட்டேன். அப்புறம் அத எந்த வருஷத்துல மாத்திச் சொல்றது? ஒவ்வொரு வருஷமும் இன்னும் கஷ்டமா போச்சு.”

இந்த இடத்தில் ஒரு பெண் அழுதிருக்கலாம், அல்லது புருஷனின் தியாகத்தை நினைத்து உருகியிருக்கலாம். புரிங் அக்கா எழுந்து போய் அந்த டம்ளர் பாகைத் தானே குடித்துவிட்டு, கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சே இல்லை. சோறு வந்தது, குழம்பு வந்தது, வார்த்தை வரவில்லை. கஸ்தோர் தோப்புக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். பாகு கசந்தது அக்காவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு வருஷமும் எந்த வாக்கியத்தை நம்பி மூடி போட்டாரோ, அந்த வாக்கியம் கழன்று விழுந்துவிட்டது. அப்படியானால் கோழிக் குழம்பு? கல்யாணத்தன்று உடுத்திய உடுப்பு? பாட்டுப் பாடினால் நன்றாயிருக்கும் என்பாரே, அது? ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்தார். எல்லாம் ஒரே சத்தம் கொடுத்தது.

இதற்கிடையில் ரோடெல் போன் செய்தபடி இருந்தான். பெண் வீட்டுக்குப் போய் முறைப்படி கேட்க வேண்டும், அங்கே காத்திருக்கிறார்கள். அக்கா மழை என்றார், பாதை சரியில்லை என்றார், இடுப்பு வலி என்றார். “அம்மா, ஒனக்கு அவளப் பிடிக்கலையா?” என்று ஒருநாள் அவன் கேட்டேவிட்டான். அக்கா பதில் சொல்வதற்குள், போன் கைமாறி ஜெனலின் பேசினாள்.

“அத்தை, வரும்போது எங்கம்மாவுக்கு ஒரு பாட்டில் எடுத்துட்டு வருவீங்களா? அந்தக் கசப்பு அவங்களுக்குப் பிடிக்கும்.”

குத்திக்காட்டுகிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் குரலில் குத்தல் இல்லை. அக்கா போனை வைத்துவிட்டு, பேச்சு நின்றபிறகு முதல் தடவையாகக் கஸ்தோரின் பக்கம் திரும்பினார்.

“கல்யாணம் ஆன நாள்லருந்து பொய் சொன்ன மனுஷன்கூடக் குடும்பம் நடத்திட்டேன். பாத்த அன்னிக்கே உண்மையச் சொன்ன பொண்ண வேண்டாம்னா சொல்வேன்? பொட்டியக் கட்டு. போறோம்.”

கஸ்தோர் தண்டனை இவ்வளவோடு முடிந்ததே என்று பெட்டியைக் கட்டினார். அடியில் ஒரு பாட்டில் பாகு, செய்தித்தாளில் சுற்றி, துணிகளுக்கு நடுவே. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அக்காதான் அதை எடுத்துக் கொடுத்தார். இந்த இனத்தார் வெறுங்கையோடு எங்கும் போவதில்லை. கையில் இருப்பதை ஒப்புக்கொள்வதும் இல்லை.

பஸ்ஸில் நெடுநேரம் உட்கார்ந்து இடுப்பு நிஜமாகவே வலித்த பிறகு வடக்கே போய்ச் சேர்ந்தார்கள். ஜெனலினின் தாய் தாசிங் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அப்பா புகையிலை வாசனையோடு சிரித்தார். இரண்டு பக்கமும் பேசவேண்டிய பெரிய பேச்சு பாக்கியிருந்தது. ஆனால் சாப்பிடாமல் அதைத் தொடங்கக் கூடாது.

பெரிய சட்டி ஒன்று நடுவில் வந்தது. ஆட்டுக் குடலும் ஈரலும் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்ட பச்சையும் பழுப்புமான குழம்பு. தாசிங் எல்லோருக்கும் ஊற்றினார். ஊற்றிவிட்டு, கைகளை இடுப்பில் கட்டிய துண்டில் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“பொறுத்துக்கணும் சம்பந்தி. இன்னிக்குச் சரியாவே வரல.”

புரிங் அக்காவின் முதுகு நிமிர்ந்தது.

“ஆட்டுக்காரன் ஏமாத்திட்டான். அடுப்பும் சதி பண்ணிடுச்சு. நீங்க வந்த நேரம் பாத்து இப்படி ஆகணுமா?” என்று தாசிங் பாடிக்கொண்டு போனார். அக்காவுக்கு அந்த ராகத்தின் ஒவ்வொரு இறக்கமும் தெரியும். கரண்டியை வாயில் வைத்தார். வைத்தவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. அப்படி ஒரு கசப்பை அவர் வாழ்க்கையில் கண்டதில்லை. நாக்கிலிருந்து காதுவரை ஏறி, அங்கே உட்கார்ந்துகொண்டது.

பக்கத்தில் கஸ்தோர் தன் கிண்ணத்தை ஒரே மடக்கில் காலி செய்தார். அனுபவசாலி அல்லவா? வாயைத் துடைத்துக்கொண்டு, தெளிவான குரலில் சொன்னார்:

“பிரமாதம் சம்பந்தி. கசப்பே தெரியல.”

தாசிங்கின் முகம் விழுந்தது.

ஒரு நொடிதான். உடனே சிரிப்பை எடுத்து ஒட்டிக்கொண்டு, “நான்தான் முதல்லயே சொன்னேனே” என்றார். மற்றவர்கள் யாரும் கவனிக்கவில்லை. ஆனால் அந்த முகம் எப்படி விழும், விழுந்ததை மறைக்க எந்தச் சிரிப்பு வரும் என்பதை புரிங் அக்காவைவிட அறிந்தவர் இந்த உலகத்தில் யார்? எதிரே ஜெனலின் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் கசப்பு இல்லாத சாப்பாடு சாப்பாடே இல்லை என்று அன்றைக்கு இந்தப் பெண் சொன்னது, இத்தனை நாள் கழித்து இப்போதுதான் அக்காவின் காதில் விழுந்தது. கசக்கிறது என்று சொன்னவள் ஏன் இன்னொரு டம்ளர் கேட்டாள் என்பதும் விளங்கியது.

“அவர் பேச்ச விடுங்க சம்பந்தி” என்றார் அக்கா. “அவர் நாக்கு சரியில்ல. இது கசக்குது.”

தாசிங் திரும்பினார். “சும்மா சொல்லாதீங்க.”

“சும்மா இல்ல. கண்ணுல தண்ணி வந்துடுச்சு, பாருங்க.”

“கசப்புக்கு ஊத்தற பித்தநீர் பத்தலையோன்னு எனக்கு ஒரே கவல. ஆட்டுக்காரன் கொஞ்சமாத்தான் குடுத்தான்.”

“பத்தாம என்ன? காதுல போய் அடைக்குது. நெஜமா சொல்றேன், வேற எந்த வீட்டுக் கசப்பும் இது பக்கத்துல வராது, என்னால முழுங்கவே முடியல.”

மூன்று தட்டும் முறையாக விழுந்துவிட்டது. தாசிங் தலையைக் குனிந்துகொண்டு, “என்னமோ போங்க” என்றார். முகம் விளக்கேற்றியது போல இருந்தது. மகிழ்ச்சி தாங்காமல் சட்டியை இழுத்து, அக்காவின் கிண்ணத்தில் இன்னும் இரண்டு கரண்டி நிறைய ஊற்றினார். அக்கா அதைக் கீழே வைக்காமல் சாப்பிட்டார். புருஷன் காலமெல்லாம் என்ன செய்துவந்தார் என்பது கரண்டிக்குக் கரண்டி தெரிந்தது. பாதியில், மேசைக்கடியில் கஸ்தோரின் கையை ஒரு முறை தொட்டார். அவர் திடுக்கிட்டுப் போனார். அடி விழுகிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

கல்யாணம் ஜனவரியில் என்று முடிவாயிற்று. செய்தித்தாளைப் பிரித்துப் பாட்டிலை எடுத்தபோது, “இது சரியா வரல” என்று அக்கா சொல்லத்தான் செய்தார். தாசிங் ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, “ஆஹா, என்னா கசப்பு” என்றார். அது எந்தத் தட்டில் சேரும் என்று அக்காவுக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. வாங்கிக்கொண்டார்.

அக்கா திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த நோய்க்கு அப்படியெல்லாம் மருந்து இல்லை. அடுத்த மழைக்காலத்தில் பிக்னாய் பழுத்தது, பாகு பதத்துக்கு வந்தது, மருமகள் முன்னால் டம்ளர் வந்தது. “இந்தத் தடவ சரியா வரலம்மா.” ஜெனலின் குடித்துப் பார்த்து, யோசித்து, “ஆமா அத்தை, போன வருஷம் அளவுக்குக் கசக்கல” என்றாள். அக்கா அன்றைக்கே மரத்துக்கு ஆள் அனுப்பி, சிவந்த பழம் இன்னும் கொஞ்சம் பறித்துவரச் சொன்னார். அது அவருக்குக் கசக்கவும் இல்லை, எதனால் கசக்கும் என்பது தெரியவும் தெரியாது. ஆனாலும் கேட்டதற்குச் சரியான பதில் சொல்ல வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் அல்லவா? அவளுக்காகச் செய்ய வேண்டியிருந்தது.

கஸ்தோருக்குப் பாகு ஊற்றுவதை மட்டும் நிறுத்திவிட்டார். எல்லோர் கையிலும் டம்ளர் இருக்க, தன் கை வெறுமையாக இருப்பதைக் கஸ்தோர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எனக்கு?”

“ஒனக்குத்தான் கசக்குமே.”

“பழகிப்போச்சு” என்றார் கஸ்தோர்.

அக்கா ஊற்றினார். அவர் இந்தத் தடவை மெதுவாகக் குடித்தார், முகத்தைச் சுளித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க.

இனத்தின் இலக்கணம் இவ்வளவுதான். இனி நீங்கள். இதுவரை படித்துவிட்டு, உங்கள் பெரியம்மாவையும் அலுவலகத்துச் சிநேகிதரையும் நினைத்துச் சிரித்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்தவரிடம், “வீடெல்லாம் ஒரே கந்தல்கோலமா கெடக்கு” என்று காலையிலிருந்து பெருக்கித் துடைத்த கூடத்தில் நின்றுகொண்டு நீங்கள் சொன்னதில்லையா? பட்டுப்புடவையைப் பாராட்டியவரிடம், “அட, இது பழசு” என்றதில்லையா? மகன் வாங்கிய மார்க்கைச் சொல்லிவிட்டு, “இன்னும் கொஞ்சம் படிச்சிருக்கலாம்” என்று எதிராளியின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்ததில்லையா?

இல்லை என்கிறீர்கள். நல்லது. ‘பாராட்டுகிற அளவுக்கு நமக்கு என்ன பெரிய திறமை இருக்கிறது’ என்று இப்போது மனதுக்குள் சொல்லிக்கொண்டீர்களே, அதை மட்டும் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, பக்கத்தில் இருப்பவர் மறுக்கிறாரா என்று எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள், பார்ப்போம்.